ஆங்கில வாக்கியம் எங்கே பழுதாகிறது? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

எழுத்துக்கூட்டலில் பிழை இல்லை. சொற்களும் பொருத்தமானவைதான். ஆனாலும் நீங்கள் அனுப்பிய ஆங்கில மின்னஞ்சலைப் படித்தவர், "என்ன சொல்ல வருகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறார். பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்தித் தருவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். இத்தகைய பழுது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் ஒளிந்திருக்கும்: பெரிய எழுத்தில், அல்லது நிறுத்தக்குறியில்.

விதிகளை ஒன்று முதல் முப்பது வரை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காய்ச்சலோடு வந்தவருக்கு யாரும் உடற்கூற்றியல் பாடம் நடத்துவதில்லை; எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். இங்கேயும் அப்படித்தான். உங்கள் வாக்கியத்தில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடுங்கள். அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

அதற்கு முன் ஒரு பழைய போதனையை மறந்துவிட வேண்டும். "மூச்சு விடும் இடத்தில் காற்புள்ளி போடு" என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உரக்கப் படிப்பவருக்கு அது உதவலாம். எழுதுபவருக்கு அது பெரும் கேடு. ஆங்கில நிறுத்தக்குறிகள் மூச்சை அளப்பதில்லை, வாக்கியத்தின் எலும்பைக் காட்டுகின்றன. எனவே கையில் ஒரு பென்சில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முற்றுவினைக்கும் அடியில் ஒரு கோடு, அந்த வினைக்குரிய எழுவாய்க்கு ஒரு வட்டம். கீழே வரும் சோதனைகளில் பல இந்தக் கோட்டையும் வட்டத்தையும் நம்பியே நடக்கின்றன.

எடுத்துக்காட்டுகளை ஒலிபெயர்ப்பில் தருகிறேன். நம் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பிரிவே கிடையாது என்பதால் பெரிய எழுத்து வரும் இடத்தை வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கும். குறிகள் தாமே கண்ணில் படும்.

அறிகுறி: வாக்கியம் முடியவே மாட்டேன் என்கிறது

"ஐ வென்ட் தேர், ஹி வாஸ் அவுட், ஐ லெஃப்ட் அ நோட், ஐ கேம் பேக்."

கோடு போட்டுப் பாருங்கள். நான்கு முற்றுவினைகள், நான்கு வட்டங்கள். அதாவது நான்கு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டவைத்திருக்கிறோம். காற்புள்ளி அவ்வளவு பாரம் தாங்காது.

இது கவனக்குறைவால் வருவதில்லை. தமிழில் "அங்கே போய், அவர் இல்லாததால் குறிப்பு எழுதி வைத்துவிட்டுத் திரும்பினேன்" என்கிறோம். போய், இல்லாததால், எழுதி, வைத்துவிட்டு எல்லாமே எச்சம். முற்று ஒன்றே ஒன்று. எத்தனை செயல்களைக் கோத்தாலும் தமிழ் வாக்கியம் கடைசியில் ஒரே முளையில் வந்து கட்டிக்கொள்ளும். அதே கோவையை ஆங்கிலத்தில் போடும்போது ஒவ்வொரு எச்சமும் எழுவாயோடு கூடிய முற்றுவினையாக மாறிவிடுகிறது, நாமோ பழைய காற்புள்ளியையே வைத்திருக்கிறோம்.

திருத்த மூன்று வழிகள். முற்றுப்புள்ளி வைத்து, அடுத்த சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கலாம். ஐயமாக இருந்தால் இதையே செய்யுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அல்லது காற்புள்ளிக்குப் பிறகு "அண்ட்", "பட்", "சோ" போன்ற இணைப்புச் சொல் சேர்க்கலாம். இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை என்றால் அரைப்புள்ளி போடலாம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகர அச்சாளர் ஆல்டஸ் மனூட்டியஸின் பட்டறையில் பிறந்த குறி அது. காற்புள்ளி போதாது, முற்றுப்புள்ளி அதிகம் என்ற இடத்துக்கு ஒரு நடுவழி. ஐந்து நூற்றாண்டுகள் கழித்தும் பலர் அதைக் கண்டு அஞ்சுகிறார்கள். அஞ்சத் தேவையில்லை: இரண்டு பக்கமும் தனித்து நிற்கக்கூடிய வாக்கியம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. "ஹவெவர்", "தேர்ஃபோர்" ஆகியவை இணைப்புச் சொற்கள்போலத் தோன்றும். ஆனால் "பட்" செய்யும் வேலையை அவை செய்யமாட்டா. "இட் ரெய்ன்ட், ஹவெவர் வி வென்ட் அவுட்" என்பது இன்னும் பழுதான வாக்கியமே. "இட் ரெய்ன்ட்; ஹவெவர், வி வென்ட் அவுட்" என்று முன்னே அரைப்புள்ளியும் பின்னே காற்புள்ளியும் வேண்டும்.

அறிகுறி: முற்றுப்புள்ளி வைத்தாயிற்று, ஆனால் ஏதோ அந்தரத்தில் தொங்குகிறது

முன்னதற்கு நேர் எதிர் நோய். "ஐ மிஸ்ட் த மீட்டிங். பிகாஸ் த டிரெய்ன் வாஸ் லேட்." தமிழில் "ஏனென்றால் ரயில் தாமதம்" என்று தனி வாக்கியம் எழுதலாம், நன்றாகவே நிற்கும். "பிகாஸ்" அப்படிப்பட்டதில்லை. அது தொட்ட வாக்கியம் தன்னாட்சியை இழந்து, இன்னொரு வாக்கியத்தில் சாய்ந்துகொள்ளும். நடுவிலுள்ள முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு, "பிகாஸ்" என்பதைச் சிறிய எழுத்தில் தொடங்கினால் சரியாகிவிடும்.

கடிதங்களில் இதன் முதிர்ந்த வடிவத்தைக் காணலாம்: "வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர் டேட்டட் 5 மே." கோடு போட வினை ஒன்றுமில்லை. வட்டமும் இல்லை. முற்றுப்புள்ளியைக் காற்புள்ளியாக்கி, அந்தக் கடிதத்தைப் பற்றி நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லி முடியுங்கள்.

அறிகுறி: படிப்பவர் பாதி வழியில் தடுக்கி, முதலிலிருந்து மறுபடி படிக்கிறார்

இதற்குக் காரணம் இரண்டு. தேவையற்ற இடத்தில் காற்புள்ளி இருக்கலாம். தேவையான இடத்தில் இல்லாமல் போயிருக்கலாம்.

தேவையற்றதை முதலில் பார்ப்போம். "த ஃபைல் யூ சென்ட் மி யெஸ்டர்டே, இஸ் நாட் ஓப்பனிங்." நீளமான எழுவாய், சொல்லி முடித்ததும் மூச்சு வாங்குகிறது, கை தானாகக் காற்புள்ளி வைக்கிறது. ஆனால் அது எழுவாயையும் அதன் வினையையும் வெட்டிப் பிரித்துவிட்டது. எழுவாய் எவ்வளவு நீண்டாலும் அதற்கும் பயனிலைக்கும் நடுவே ஒற்றைக் காற்புள்ளி நிற்கக்கூடாது. "ஹி செட் தட், ஹி வில் கம்" என்பதும் இதே வகைதான். தமிழில் "வருவேன் என்று, அவர் சொன்னார்" என எங்கோ நிறுத்திப் பழகிய நாக்கு, "தட்" என்ற சொல்லுக்குப் பின்னே நிறுத்தம் தேடுகிறது. எடுத்துவிடுங்கள்.

ஒற்றைக் காற்புள்ளி கூடாது என்றேனே, இரட்டையாக வரலாம். "மை பிரதர், ஹூ லிவ்ஸ் அப்ராட், இஸ் கமிங் ஹோம்." இங்கே இரண்டு காற்புள்ளிகளும் அடைப்புக்குறியின் இரண்டு கைகள். நடுவில் உள்ளதைத் தூக்கிவிட்டாலும் "மை பிரதர் இஸ் கமிங் ஹோம்" என்று மீதி நிற்கிறது. ஒரு கை போட்டு மறுகையை மறப்பதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. இரண்டையுமே எடுத்துவிட்டால் பொருளே மாறும்: சகோதரர்கள் பலர் இருக்கிறார்கள், வெளிநாட்டில் இருப்பவர் மட்டும் வருகிறார் என்றாகிவிடும். வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதை இரண்டு காற்புள்ளிகள் சொல்லிவிடுகின்றன!

அடுத்து, இல்லாமல் போன காற்புள்ளி. "ஆஃப்டர் வி வாஷ்ட் த டாக் ஸ்லெப்ட்." நாயைக் குளிப்பாட்டினோமா, எதையோ கழுவி முடித்தபின் நாய் தூங்கியதா? "ஆஃப்டர்", "வென்", "இஃப்", "ஆல்தோ" என்று தொடங்கும் துணை வாக்கியம் முன்னால் வந்தால், அது முடியும் இடத்தில் காற்புள்ளி வையுங்கள்: "ஆஃப்டர் வி வாஷ்ட், த டாக் ஸ்லெப்ட்." அதே துணை வாக்கியம் பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை.

விளிக்கும்போதும் அப்படியே. "கால் மி, டாக்டர்" என்றால் மருத்துவரை அழைத்து, "எனக்குத் தொலைபேசுங்கள்" என்கிறோம். "கால் மி டாக்டர்" என்றால் நானே மருத்துவர், அப்படியே கூப்பிடுங்கள் என்று பொருள். "தாங்க் யூ, சார்" என்பதில் வரும் காற்புள்ளியும் இந்த இனம்தான். எல்லோரும் விடுகிறார்கள், விடாதவர் தனியாகத் தெரிகிறார்.

அறிகுறி: பட்டியலுக்கு இரண்டு பொருள் வருகிறது

மூன்று பொருள்களை அடுக்கும்போது கடைசி "அண்ட்" அல்லது "ஆர்" முன்னே காற்புள்ளி வேண்டுமா? ஆக்ஸ்ஃபோர்ட் காற்புள்ளி என்று இதற்குப் பெயர். அமெரிக்கப் புத்தகப் பதிப்பாளர்கள் பெரும்பாலும் வேண்டும் என்கிறார்கள், செய்தித்தாள்கள் பெரும்பாலும் வேண்டாம் என்கின்றன. பிரிட்டனில் பொது வழக்கு விடுவதுதான், ஆனால் பெயர் கொடுத்த பல்கலைக்கழகத்தின் அச்சகம் போடுகிறது.

இது வெறும் ருசிச் சண்டை என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்த வழக்கைப் பார்க்கலாம். எந்தெந்த வேலைகளுக்கு மிகைநேர ஊதியம் கிடையாது என்று அம்மாநிலச் சட்டம் ஒரு பட்டியல் தந்தது. அதன் வால்: "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்." "ஷிப்மென்ட்" என்பதற்குப் பின் காற்புள்ளி இல்லை. அனுப்புவதற்காகவோ வினியோகிப்பதற்காகவோ கட்டுவது என்ற ஒரே வேலையா, அல்லது கட்டுவது ஒன்று, வினியோகிப்பது இன்னொன்றா? பால் நிறுவனம் ஒன்றின் ஓட்டுநர்கள், "நாங்கள் வினியோகிப்பவர்கள், கட்டுபவர்கள் அல்ல, எனவே விலக்கு எங்களுக்குப் பொருந்தாது" என்று வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பிறகு சட்டத்தைத் திருத்தியவர்கள் காற்புள்ளியை நம்பவே இல்லை. பட்டியல் முழுவதிலும் அரைப்புள்ளி போட்டுவிட்டார்கள்.

என் பரிந்துரை: கடைசிக் காற்புள்ளியைப் போடுங்கள். போட்டதால் குழப்பம் வருவது அபூர்வம், விட்டதால் வருவது அடிக்கடி. பட்டியலில் உள்ள உருப்படிகளுக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால், மெய்ன் மாநிலத்தார்போல அரைப்புள்ளிக்கு ஏறிவிடுங்கள்.

அறிகுறி: பக்கம் முழுக்கப் பெரிய எழுத்துகள் தலைதூக்கி நிற்கின்றன

"ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிரான்ட் மி லீவ்" என்ற வாக்கியத்தில் ரிக்வெஸ்ட், கிரான்ட், லீவ் மூன்றும் பெரிய எழுத்தில் தொடங்கியிருக்கும். காரணம் கேட்டால், "முக்கியமான சொல் அல்லவா?" என்பார்கள். பெரிய எழுத்து மரியாதை செலுத்தும் கருவி அன்று, அது பெயர்ப்பலகை.

ஒரு காலத்தில் ஆங்கிலேயரும் இப்படித்தான் எழுதினார்கள். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் முதல் வாக்கியத்திலேயே "இன் ஆர்டர் டு" என்பதில் வரும் "ஆர்டர்"கூடப் பெரிய எழுத்தோடு நிற்கிறது. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் எல்லாப் பெயர்ச்சொல்லும் அப்படித்தான். ஆங்கிலம் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டு இரண்டு நூற்றாண்டுகள் ஆகின்றன. நம் விடுப்புக் கடிதங்களுக்கு மட்டும் இன்னும் தகவல் வரவில்லை.

சோதனை எளிது. இந்தச் சொல் ஒரு வகையைக் குறிக்கிறதா, ஒரே ஒருவருக்கோ ஒன்றுக்கோ உரிய பெயரா? ஆறு என்பது வகை, "ரிவர்" சிறிய எழுத்தில். "ரிவர் நைல்" என்றால் இரண்டு சொல்லும் சேர்ந்து பெயர், இரண்டுக்கும் பெரிய எழுத்து. "சவுத்" திசையானால் சிறியது, "சவுத் ஆப்பிரிக்கா" ஆனால் பெரியது. "மை மதர்" என்பதில் சிறிய எழுத்து; ஆனால் "ஐ ஆஸ்க்ட் மதர்" என்று பெயர்போல நேராகச் சொன்னால் பெரிய எழுத்து. அந்த இடத்தில் அவருடைய இயற்பெயரை வைத்துப் பாருங்கள், பொருந்தினால் பெரிது.

சில இடங்களில் தர்க்கம் உதவாது, நினைவில் வைக்கத்தான் வேண்டும். கிழமைகளும் மாதங்களும் பெரிய எழுத்து. பருவங்களான "சம்மர்", "விண்டர்" சிறியவை. மொழிகளுக்கும் நாட்டினங்களுக்கும் எப்போதும் பெரியது, ஆகவே பாடப் பட்டியலில் "இங்கிலீஷ்" தலைநிமிர்ந்து நிற்க, "மேத்தமேட்டிக்ஸ்" குனிந்து நிற்கும். கடிதத் தொடக்கத்தில் "டியர் சார்" இரண்டும் பெரியவை. முடிவில் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" என்பதில் முதல் சொல்லுக்கு மட்டும். ஒரு பெயர் பொதுச் சொல்லாகத் தேய்ந்து தலை குனிவதும் உண்டு: "இன்டர்நெட்" என்ற சொல்லுக்குப் பெரிய எழுத்து வேண்டாம் என்று அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேடு 2016இல் முடிவு செய்தது.

முழு வாக்கியத்தையும் பெரிய எழுத்திலேயே அடிப்பவர்களுக்கு ஒரு சொல்: திரையில் அது கத்துவதாகவே படிக்கப்படும். போதாததற்கு, எல்லாமே பெரிதானால் எது பெயர் என்பதும் மறைந்துவிடும்.

அறிகுறி: பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் இல்லை, வேண்டாத இடத்தில் தானாக முளைக்கிறது

"நான்" என்று பொருள்படும் ஒற்றை எழுத்து "ஐ" வாக்கியத்தின் எந்த மூலையில் வந்தாலும் பெரியதுதான். "மி", "மை" இரண்டுக்கும் அந்தச் சலுகை கிடையாது. குறுஞ்செய்திப் பழக்கத்தில் சிறிய "ஐ" போட்டுவிட்டு, அதே கையோடு வேலை விண்ணப்பத்தையும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பத்தைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்தக் குட்டி எழுத்துதான்.

தானாக முளைப்பது கருவியின் வேலை. முற்றுப்புள்ளியும் இடைவெளியும் கண்டால் புதிய வாக்கியம் என்று கைப்பேசி நினைத்துக்கொள்ளும். சுருக்கச் சொல்லின் புள்ளிக்கும் வாக்கியத்தின் புள்ளிக்கும் அதற்கு எப்போதும் வேறுபாடு தெரிவதில்லை. "எட்செட்ரா" சுருக்கத்துக்குப் பின் வரும் சொல்லை ஒருமுறை கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். எழுத்துருக்களை ஈயத்தில் வார்த்துக் கோத்த நாளில் இந்தத் தொல்லை இல்லை. பெரிய எழுத்து மேல் தட்டிலும் சிறிய எழுத்து கீழ்த் தட்டிலும் கிடந்தன, கோப்பவர் கை நீட்டி எடுத்தால்தான் வரும். "அப்பர் கேஸ்", "லோயர் கேஸ்" என்ற பெயர்கள் அந்தத் தட்டுகளிலிருந்து வந்தவை.

அறிகுறி: அபாஸ்ட்ரஃபி எங்கே என்று கை நடுங்குகிறது

"இட்'ஸ்", "இட்ஸ்" குழப்பத்துக்கு ஒரே மருந்து: விரித்துப் படியுங்கள். "இட் இஸ்" அல்லது "இட் ஹாஸ்" என்று விரித்தால் வாக்கியம் நிற்கிறதா? நின்றால் குறி வேண்டும். "த கம்பெனி சேஞ்ச்ட் இட்ஸ் நேம்" என்பதை விரித்தால் உளறலாகும்; குறி வேண்டாம். உடைமை என்றால் குறி வேண்டுமே என்று மனம் அடம்பிடிக்கும். "ஹிஸ்", "ஹெர்ஸ்" ஆகியவற்றுக்குக் குறி போடுகிறோமா? அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. "யு'ர்", "யுவர்" குழப்பத்துக்கும் இதே மருந்துதான்.

உடைமையில் குறி நிற்கும் இடம் ஆளெண்ணிக்கையைச் சொல்லும். "த பாய்'ஸ் புக்ஸ்" ஒரு பையனுடையவை. "த பாய்ஸ்' புக்ஸ்" பலருடையவை.

வெறும் பன்மைக்குக் குறியே கிடையாது. "ஃபோட்டோஸ்", "வீடியோஸ்", "1990ஸ்" எல்லாம் மொட்டையாகவே நிற்கட்டும்.

அறிகுறி: கேள்வியே இல்லாத இடத்தில் வினாக்குறி

"ஐ ஆஸ்க்ட் ஹிம் வேர் ஹி வென்ட்?" கேட்டேன் என்று செய்தி சொல்கிறீர்கள், இப்போது கேட்கவில்லை. கோடு போட்ட முதன்மை வினை "ஆஸ்க்ட்", அது கூற்று. முற்றுப்புள்ளி போதும்.

வியப்பும் கேள்வியும் சேர்ந்த இடத்துக்கென்று 1962இல் மார்ட்டின் ஸ்பெக்டர் என்ற அமெரிக்க விளம்பரத் துறையினர் இரண்டையும் ஒரே குறியாக இணைத்து "இன்டரபேங்" என்று பெயரிட்டார். வழக்கில் வேரூன்றவில்லை. உணர்ச்சிக்குறியை ஒன்றோடு நிறுத்துங்கள், மூன்று போட்டால் வியப்பு மும்மடங்கு ஆவதில்லை.

அறிகுறி: மேற்கோள்குறிக்கு உள்ளே புள்ளியா, வெளியே புள்ளியா?

இரண்டு புத்தகங்களில் இரண்டு விதமாகப் பார்த்துவிட்டு வருபவர்கள் கேட்பது இது. இரண்டும் சரியே. அமெரிக்க வழக்கில் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் எப்போதும் மேற்கோளுக்கு உள்ளே அடங்கும். பிரிட்டிஷ் வழக்கில் மேற்கோளின் சொந்தப் புள்ளியானால் உள்ளே, உங்கள் வாக்கியத்தின் புள்ளியானால் வெளியே. "மிஸ்டர்" சுருக்கத்துக்குப் பின் அமெரிக்கர் புள்ளி வைப்பார்கள், பிரிட்டனில் பெரும்பாலும் வைப்பதில்லை. ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே இருங்கள். ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்திருந்தால்தான் பிழை.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் பக்கம் சொறிபிடித்ததுபோல் இருக்கிறது

இடைவெளிக் கோளாறு. காற்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி ஆகியவற்றுக்கு முன்னால் இடைவெளி கூடாது, பின்னால் ஒன்று. சில குறிகளுக்கு முன்னே இடைவெளி விடுவது பிரெஞ்சு வழக்கம், ஆங்கிலத்தில் அது செல்லாது. அடைப்புக்குறியின் உட்பக்கமும் இடைவெளி வேண்டாம். வாக்கியத்துக்குப் பின் இரண்டு இடைவெளி விடுவது தட்டச்சுப் பொறியில் பழகியவர்களின் கைப்பழக்கம்; கணினியில் ஒன்றே போதும். சொல்லாமல் விட்டதைக் காட்டும் புள்ளிகள் மூன்று; ஏழோ எட்டோ அல்ல.

இவற்றைக் கண்ணால் தேட வேண்டாம். தேடி மாற்றும் வசதியைத் திறந்து, தேடும் கட்டத்தில் இரண்டு இடைவெளி, மாற்றும் கட்டத்தில் ஒன்று தட்டி, எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். அடுத்து இடைவெளியும் காற்புள்ளியும் சேர்ந்ததைத் தேடி வெறும் காற்புள்ளியாக்குங்கள். மாற்றப்பட்டவை 0 என்று வரும்வரை திரும்பத் திரும்ப அழுத்துங்கள்.